கிடைக்காத ஐந்தாவது வாக்கியம்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். பதினொரு வருடம் அங்கே போன் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்க்க நேரம் கேட்பவர், கேட்ட நேரத்தை மாற்றச் சொல்பவர், வேண்டாம் என்று விடுபவர், சும்மா பேச ஆளில்லாமல் கூப்பிடுபவர் எல்லாரும் அவள் காதுக்குள் வந்துதான் போனார்கள். ஒருவர் "செவ்வாய்க்கிழமை" என்றால் "வர்ற செவ்வாயா, அதுக்கடுத்த செவ்வாயா?" என்பாள். "வர்ற செவ்வாய்" என்றால் "தேதி சொல்லுங்க" என்பாள். தேதியும் சொன்னால், "உங்க வீட்ல காலண்டர் இருக்கா, ஒரு தடவை பார்த்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். சிலர் கோபத்தில் போனை வைத்துவிடுவார்கள். ஆனால் பதினொரு வருடத்தில் தப்பான நாளில் வந்து நின்ற நோயாளி ஒருவர்கூட இல்லை. இதை யாரும் பாராட்டவில்லை. நடக்காத தப்பு யார் கண்ணில் படும்?

வீட்டிலும் அப்படித்தான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டைப் பிடித்து மூன்று தடவை தொங்குவாள். அவள் கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் கெட்டுப்போனதால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இப்போது வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். உடம்பு வற்றினாலும் வாய் வற்றவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கல்யாணத்தன்னிக்கே என்னை ரெண்டு தடவை கையெழுத்துப் போடச் சொல்லி, ஒண்ணா இருக்கான்னு பார்த்தவ இவ" என்று சொல்லிச் சிரிப்பார்.

"ஒண்ணா இல்லையே, அதான் பார்த்தேன்" என்பாள் இவள், சிரிக்காமல்.

பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகம் மாறியது. அந்த மேசையை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். அப்புறம் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் அவளைக் கூப்பிட்டார்கள். துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டே அறை. கம்ப்யூட்டர் படிக்காதவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு அப்போதே சந்தேகம்.

அங்கே கருவியைக் கட்டிக்கொண்டிருந்த எஞ்சினியர் பொறுமையாக விளக்கினான். "அக்கா, ஊர்ல ஆயிரம் பேரு சாஃப்ட்வேர் எழுதுறாங்க. ஒருத்தர் பஸ் டிக்கெட்டுக்கு எழுதுறார், ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு எழுதுறார். மனுஷங்க பேசுறது அவங்க சாஃப்ட்வேருக்குப் புரியணும்ல? அந்தப் புரியுற பகுதியை ஒவ்வொருத்தரும் தனித்தனியா செஞ்சா விடியுமா? தச்சர் கதவு செய்யுறார், கீலைக் கடையிலதானே வாங்குறார்? நாம செய்யுறது அந்தக் கீல்."

"கீல் சரியில்லன்னா கதவு யார் மேல விழும்?" என்று கேட்டாள் துருவி.

எஞ்சினியர் சிரித்தான். "அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது."

வேலை இதுதான். திரையில் ஒரு வாக்கியம் வரும். யாரோ ஒருவர் எப்போதோ போனில் சொன்னது, பெயர் ஊர் எல்லாம் நீக்கிய வெறும் பேச்சு. அதன் கீழே நான்கு கட்டங்கள்: புது நேரம் கேட்கிறார், நேரத்தை மாற்றச் சொல்கிறார், ரத்து செய்யச் சொல்கிறார், வெறும் விசாரிப்பு. சொன்னவரின் மனதில் என்ன இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். அதே வாக்கியம் இன்னொருவருக்கும் போகும். இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் டிக் போட்டால் அது கருவிக்குப் பாடம். மாறிப் போட்டால் எஞ்சினியர் பார்த்துத் தீர்ப்பான். இவர் போட்டதை அவர் பார்க்கக் கூடாது. சாயங்காலம் திரையில் கணக்கு வரும், இன்றைக்கு நீங்களும் உங்கள் ஜோடியும் நூற்றுக்கு எத்தனை ஒத்துப்போனீர்கள் என்று. எவையெவை என்று காட்டாது. எண் மட்டும்தான்.

துருவியின் ஜோடி எதிர் மேசைக்காரி. எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை செய்வாள் என்பதால் அவளைப் பாடகி என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் நூற்றுக்கு எண்பத்தாறு ஒத்துப்போனது. எஞ்சினியருக்கு அது குறை. துருவிக்கு அது ஆச்சரியம். கூடவே இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த மனிதரோடு அவளுக்கு அறுபதுகூடத் தேறாது.

நான்கு மாதம் இப்படிப் போனது. திடீரென்று ஒரு வாரம் எண்பத்தாறு தொண்ணூற்றேழு ஆயிற்று. அடுத்த வாரம் தொண்ணூற்றொன்பதரை. ஒரு நாளைக்கு அறுநூற்று நாற்பது வாக்கியத்தில் மூன்றே மூன்றுதான் ஒத்துப்போகவில்லை. எஞ்சினியர் சந்தோஷமாகக் கையை உரசிக்கொண்டான். துருவிக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது. இரண்டு மனிதர்கள் இத்தனை ஒத்துப்போனால் ஒன்று, அதில் ஒருவர் யோசிக்கவில்லை. இல்லாவிட்டால் ஒருவர் பார்த்து எழுதுகிறார்.

பாடகியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். தன் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையை அணைத்துவிட்டுப் போனாள். தலைவாரும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, எதிர் மேசை தெரிகிற மாதிரி திரையோரம் சாய்த்து வைத்தாள்.

"என்னக்கா, புதுசா கண்ணாடியெல்லாம்? சாயங்காலம் யாராவது பார்க்க வர்றாங்களா?" என்றாள் பாடகி.

"யாரு பார்க்கறாங்கன்னு பார்க்கத்தான்" என்றாள் துருவி.

கண்ணாடியில் பாடகியின் கொண்டை தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. எண்ணோ குறையவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்திருக்க வேண்டாம். வந்துவிட்டது.

பார்த்து எழுதுகிறவளைப் பிடிக்க ஒரே வழி, தப்பாக எழுதுவது. அதையும் அவள் அப்படியே எழுதினால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வாள். எந்த வாக்கியத்தைத் தப்பாகப் போடுவது என்பதில் துருவிக்குப் பதினொரு வருட அனுபவம் கைகொடுத்தது. 'அன்னிக்கு வர முடியாது போலிருக்கு, வேற நாள் பாருங்களேன்' என்கிற ரகம் நாளொன்றுக்குப் பதினைந்து, இருபதுதான் வரும். போன் எடுத்துப் பழகிய யாரும் அதற்கு 'மாற்றச் சொல்கிறார்' என்றுதான் டிக் போடுவார்கள். துருவி 'ரத்து' என்று போட்டாள். திங்கட்கிழமை ஐந்து வாக்கியம். விரல் மடக்கி எண்ணினாள், ஐந்து விரலும் மடங்கியது.

சாயங்காலக் கணக்கில் ஒத்துப்போகாதவை எட்டு. வழக்கமான மூன்றைக் கழித்தால் ஐந்து. ஆக, ஜோடி ஒன்றில்கூட ஏமாறவில்லை. துருவிக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாள் சோதனையை நம்புகிற ஆளா அவள்? செவ்வாய்க்கிழமை பத்து போட்டாள். இந்தத் தடவை எண்ணிக்கையோடு நில்லாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் வரிசை எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்தாள். சாயங்காலக் கணக்கைக் கழித்துப் பார்த்ததில், அன்று பத்தில் நான்கில் ஜோடி அவள் பக்கம் சாய்ந்தது. புதன்கிழமை பன்னிரண்டு. பன்னிரண்டிலும் ஜோடி 'ரத்து' என்றது.

வியாழக்கிழமை மதியம் பாடகி சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் துருவி எதிரே போய் நின்றாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எது?"

"என்னைப் பார்த்து எழுதுறது. பன்னெண்டு தப்பு போட்டேன். பன்னெண்டையும் அச்சு மாறாம போட்டிருக்க. நல்லதை எழுதினா சரி, தப்பையுமா காப்பி அடிப்ப?"

பாடகியின் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "அக்கா, நான் உங்க ஜோடியே இல்ல. மூணு வாரமா எனக்கு பஸ் டிக்கெட் வாக்கியம்தான் வருது. எஞ்சினியர் தம்பி உங்ககிட்ட சொல்லலயா?"

துருவி நம்பவில்லை. பாடகி எழுந்தாள். தன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். 'ஜன்னல் பக்கம் சீட் கிடைக்குமா' என்று இருந்தது. அதற்கு மேலே இருந்தது, 'கடைசி பஸ் எத்தனை மணிக்கு'.

"கண்ணாடி வெச்சது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள் பாடகி. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த அறையில் பாட்டுச் சத்தமே இல்லை.

அப்படியானால் ஜோடி யார்? துருவி நேராக எஞ்சினியரிடம் போனாள். அவன் சுற்றி வளைத்தான். கடைசியில் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான். "கருவிதான்க்கா."

"எந்தக் கருவி?"

"நாம கட்டுறதுதான். ரெண்டாவது நாற்காலியில அதையே உட்கார வெச்சேன். ஆள் பத்தலை. பகல்ல உங்களோட சேர்ந்து டிக் போடும். சாயங்காலம் நீங்க போட்டதைப் பார்த்துக் கத்துக்கும். அதான் எண்ணு ஏறிட்டே போகுது."

"நான் ஒண்ணு, அது ஒண்ணு போட்டா, யார் தீர்ப்பு சொல்றது?"

"தீர்ப்பெல்லாம் இல்ல. நீங்க போட்டதுதான் சரின்னு வெச்சுட்டேன். இந்த ஆபீஸ்ல நூத்துக்கு நூறு நம்பலாம்னா அது உங்களை மட்டும்தான்."

துருவியின் முகத்தில் ஈயாடவில்லை. யாரையும் நம்பாதவளை ஒருவன் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கையில் அவள் இருபத்தேழு பொய்யை ஊற்றியிருக்கிறாள். ஜோடி அவளைப் பார்த்து எழுதவில்லை, அவளிடம் படித்துக்கொண்டிருந்தது.

"அதுகிட்ட ஒண்ணு கேட்டுப் பார்க்கலாமா?" என்றாள். எஞ்சினியர் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான். அவள் கணவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே தட்டினாள்: 'சனிக்கிழமை வர முடியாது போலிருக்கு, ஞாயிற்றுக்கிழமை பாருங்களேன்.'

கருவி யோசிக்கவே இல்லை. 'சனிக்கிழமை நேரம் ரத்து செய்யப்பட்டது' என்றது.

எஞ்சினியர் அதற்குள் ஒரு போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவன் அதைப் பார்க்கவில்லை. துருவி பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

டயாலிசிஸ் முடிந்து வந்த கணவர், கையில் பஞ்சு ஒட்டியபடி படுத்திருந்தார். உள்ளே வந்து கதவைப் பூட்டியவள் பூட்டில் தொங்கிப் பார்க்காததை அவர் கவனித்துவிட்டார்.

"என்ன, பூட்டை நம்பிட்டியா? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணு சொல்லட்டுமா? அடுத்த மாசத்துலேர்ந்து டயாலிசிஸ் சென்டர்லயும் மெஷின்தான் போனை எடுக்குமாம். நர்ஸ் சொன்னாங்க. யாரோ ரெண்டு பேரு எழுதுறாங்களாம். புரியுற பகுதியை மட்டும் எங்கேயோ மாடியில வாங்குறாங்களாம். உங்க மாடிதானோ என்னவோ!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். துருவி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. டயாலிசிஸ் நாற்காலி ரத்தானால் அடுத்த நிமிடம் இன்னொருவருக்குப் போய்விடும், காத்திருப்பவர் அத்தனை பேர். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். அதை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்தது போதும்.

வாயை மூடிக்கொண்டிருக்கவும் வழி இருந்தது. கருவி தப்பாகச் சொன்னால் கருவியைத்தான் திட்டுவார்கள். அவள் போட்ட டிக்கில் அவள் கைரேகையா இருக்கிறது? இந்த வேலையும் போய்விட்டால் நாற்பத்தெட்டு வயதில் யார் கூப்பிடுவார்கள்? இதையெல்லாம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பஞ்சு ஒட்டிய அந்தக் கை எதிரிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எஞ்சினியர் செருப்பைக் கழற்றும் முன்பே துண்டுக் காகிதத்தை அவன் முன்னால் நீட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா, திங்கட்கிழமை ஆளுங்க வர்றாங்க. டயாலிசிஸ் சென்டருக்கு எழுதுறவங்க. நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் சொல்றேன். நீ என்ன பண்ணி வெச்சிருக்கன்னு தெரியுமா? அவங்ககிட்ட ரெண்டு பேர் பார்த்த பாடம்னு சொல்லியிருக்கல்ல?"

"அது வேற…"

"நான் சொன்ன பொய் இருபத்தேழு, தம்பி. நீ சொன்னது ஒண்ணே ஒண்ணு. ஆனா அது மொத்தத்துக்கும் சேர்த்து."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கத்துவான் என்று பார்த்தாள். கத்தவில்லை. வேலையில் இறங்கினான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளின் இருபத்திரண்டு வாக்கியமும் காகிதத்தில் இருந்தன, பத்து நிமிடத்தில் திருத்தியாயிற்று. திங்கட்கிழமை ஐந்துதான் சிக்கல். எண் குறிக்கவில்லை. எஞ்சினியரும் யார் எதைப் போட்டார்கள் என்பதைச் சேர்த்துவைக்காமல் முடிவை மட்டும் வைத்திருந்தான். அறுநூற்று நாற்பதையும் மறுபடி படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவள் மட்டும் படித்தால் போதாது, இன்னொருவரும் படிக்க வேண்டும். மூன்று வார வாக்கியங்கள் அத்தனைக்கும் இன்னொரு மனிதக் கண் வேண்டும்.

பாடகியின் மேசைக்குப் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், வார்த்தை கோணலாக வந்தது. "நீ பார்த்து எழுதலன்னு இப்ப நம்பறேன்."

"ரொம்பப் பெரிய மனசுக்கா" என்றாள் பாடகி, தலை நிமிராமல். "நம்பறதுக்கு ஆதாரம் கிடைச்சுடுச்சாக்கும்."

"தப்பு என்னோடதுதான். இப்ப நீ பார்க்கலன்னா சரிப்படுத்த முடியாது."

பாடகி பஸ் டிக்கெட் வாக்கியங்களை ஓரம் தள்ளினாள். "எடுங்க."

அந்தச் சனிக்கிழமை மட்டும் துருவி கணவரை டயாலிசிஸுக்குத் தனியே அனுப்பினாள். இரண்டு பெண்களும் தனித்தனி மேசையில் படித்தார்கள். மத்தியானத்துக்குள் துருவி நான்கைப் பிடித்தாள். பாடகி பிடித்ததும் அதே நான்கு. ஐந்தாவது இருவருக்கும் அகப்படவில்லை. இன்னொரு முறை படித்தார்கள். இல்லை.

"நாலுதான் போட்டிருப்பீங்க" என்றாள் பாடகி.

"அஞ்சு. விரல் மடக்கி எண்ணினேன்."

"அன்னிக்கு எட்டு ஒத்துப்போகல, அதுல மூணு வழக்கம்னு நீங்களா கழிச்சீங்க. அன்னிக்கு மட்டும் வழக்கம் நாலா இருந்திருந்தா?"

"அஞ்சுதான்."

சொல்லிவிட்டாளே தவிர, திரையைப் பார்க்கப் பார்க்க வேறொரு பயம் வந்தது. ஒருவேளை ஐந்தாவதும் அங்கேயே இருக்கலாம். அன்றைக்குத் தப்பு என்று தெரிந்தே போட்டது, இன்றைக்குப் படிக்கும்போது அவளுக்கே சரியாகத் தோன்றலாம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், தன் கண்ணைச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"தம்பி, ஒண்ணு செய்" என்றாள் எஞ்சினியரிடம். "ரத்துன்னு அதுக்குத் தோணினா, உடனே ரத்து பண்ணக் கூடாது. 'ரத்து செய்யணுமா, வேற நாளா'ன்னு திரும்பக் கேக்கணும்."

"எதுக்கெடுத்தாலும் திரும்பக் கேட்டா, இது எதுக்குன்னு கேப்பாங்கக்கா. கருவியை நீங்களாவே ஆக்கிடுவீங்க போலிருக்கே!"

"எல்லாத்துக்கும் வேண்டாம். ரத்துக்கு மட்டும். மத்தது தப்பாப் போனா போன் பண்ணித் திட்டுவாங்க. ரத்து தப்பாப் போனா திட்ட ஆள் இருக்கணுமே."

ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்து அதை எழுதிச் சேர்த்தான்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் சென்டருக்கு எழுதும் இருவர் வந்தார்கள், ஒரு பெண், ஓர் ஆண். வாய்க்கு வந்த மாதிரியெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். கருவி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. முடிவில் அந்தப் பெண் கேட்டாள், "எல்லா வாக்கியத்தையும் ரெண்டு பேர் பார்த்ததுதானே?"

துருவி மூலையில் நின்றபடி எஞ்சினியரையே பார்த்தாள்.

"இல்ல" என்றான் அவன். "மூணு வாரம் ஒருத்தர்தான் பார்த்தாங்க. அதுல தப்பு நடந்துச்சு. ஒரு நாளைக்கு உள்ளதை ரெண்டு பேர் மறுபடி பார்த்தாச்சு. மீதி முடிய ரெண்டு வாரம் ஆகும். அதுலயும் ஒரு வாக்கியம் கிடைக்காமலே போகலாம்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வருவதாகவும், அப்போது தாங்களே ஆயிரம் வாக்கியம் கொண்டுவந்து சோதிப்பதாகவும் சொல்லிப் போனார்கள். சொன்னபடி வந்தார்கள், சோதித்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

துருவிக்கு வேலை போகவில்லை. ஆனால் அவள் டிக் போட்டதையெல்லாம் மூன்று மாதம் பாடகி சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதல் மாதம் பாடகி வாயைத் திறந்து பாடவில்லை. இரண்டாம் மாதம் ஒரு நாள், "அக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க, தலை கலைஞ்சிருக்கான்னு பார்க்கணும்" என்றாள். துருவி கண்ணாடியை எடுத்து அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் எதிரிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது.

மழைக்காலத்தில் ஒரு வாரம் கணவருக்குச் சனிக்கிழமை நேரத்தை மாற்ற வேண்டிவந்தது. துருவி சென்டருக்குப் போன் செய்தாள். மெஷின்தான் எடுத்தது. வேண்டுமென்றே, அன்றைக்குக் கருவியிடம் தட்டிய அதே வாக்கியத்தைச் சொன்னாள். 'நேரத்தை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறோம்' என்று பதில் வந்தது. நன்றி என்றுகூடச் சொன்னது.

போனை வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

"அதான் மாத்தியாச்சே, எங்க கிளம்பற?" என்றார் கணவர்.

"நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"நீ கட்டின மெஷினையே நீ நம்ப மாட்டியா?"

"நான் கட்டினதுங்கறதாலதான்."

குடையையும் மீறி நனைந்துகொண்டே இரண்டு தெரு நடந்து போய், சென்டர் கவுன்டரில் பட்டியலைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி, நாலாம் எண் நாற்காலி, அவர் பெயர். சரியாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு தடவை வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தாவது விரலை மடக்கிவிட்டு, வீடு வரும்வரை அதை நிமிர்த்தவே இல்லை.